மதிப்பெண் போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டிடம், உணவு, மருத்துவ வசதி எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், பணியாளர்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் இடையிலான உறவு 'நன்று' என்று மதிப்பெண் பெற்றதை ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த மதிப்பெண்ணைப் போட்டது யார், யாரைக் கேட்டுப் போட்டார்கள், கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. என் தம்பி இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில்தான் இருக்கிறான். அதனால் அந்த ஒரு வரியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

உறவு மனசு சம்பந்தப்பட்டது, அதையெல்லாம் அளக்க முடியாது என்று சொல்பவர்கள் பக்கம் நான் இல்லை. அளக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறதா, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா, கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் என் தம்பிக்கு அன்றைய நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பது அன்றைக்கு ஷிஃப்டில் வருபவர் யார் என்பதைப் பொறுத்தது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. ஆகவே அளக்கத்தான் வேண்டும். எப்படி அளப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை.

உறவை அளக்கும் அளவுகோல்களில் பல உளவியல் சிகிச்சையிலிருந்து வந்தவை. சிகிச்சை தருபவரும் பெறுபவரும் சேர்ந்து செயல்படும் உறவை 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று கூறுகளாகப் பிரித்தார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்னென்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே உள்ள பிணைப்பு. 1989-இல் ஹார்வத், கிரீன்பர்க் இருவரும் இதை வைத்து 36 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை 7 படிகள். அதைச் சுருக்கி 12 வாக்கியங்களாகவும் பயன்படுத்துகிறார்கள். யாருக்காக உருவாக்கினார்களோ அவர்களுக்கு அது நல்ல கருவிதான். சிகிச்சை பெறுபவர் உதவி தேடி வருகிறார், உட்கார்ந்து பேசுகிறார், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுகிறார்.

என் தம்பியால் அப்படி வராமல் இருந்துவிட முடியாது. அவனைக் குளிப்பாட்டுவதும், மாத்திரை கொடுப்பதும், இன்று வெளியே கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் ஒரே ஆள். அந்த ஆளை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுடைய கோப்பில் 'இலக்கு' என்ற கட்டத்தில் 'தானாகச் சட்டை அணிதல்' என்று எழுதியிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய அவனுக்கோ ரயில் பார்க்கப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு இலக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 'எங்கள் இருவரின் இலக்கும் ஒன்றே' என்ற வாக்கியத்தை அவன் முன்னால் நீட்டினால் அவன் என்ன சொல்வான்?

'ஆமாம்' என்பான். அதுதான் சிக்கலே. கரோல் சிகல்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஒரே விஷயத்தை நேராக ஒரு முறையும் தலைகீழாக ஒரு முறையும் கேட்டால், இரண்டுக்குமே 'ஆமாம்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அது காட்டியது. 'இதுவா, அதுவா' என்று கேட்டால் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்பவர்களும் உண்டு. இதை அறிவுக் குறைவு என்று மட்டும் எழுதிவிட முடியாது. 'ஆமாம்' என்றால் திட்டு குறையும் என்பது சின்ன வயதிலிருந்தே அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். கேள்வியின் மேலும் பழி உண்டு. ஃபின்லே, லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் எழுதிய கட்டுரையில், கேள்வி புரியாதபோதும், பதில் உறுதியாகத் தெரியாதபோதும்கூட இந்த 'ஆமாம்' வருகிறது என்று எடுத்துக்காட்டினார்கள். 'அவர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை' என்று ஒரு வாக்கியம் இருந்தால், அதற்குப் பதில் சொல்ல நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும்.

சரி, எழுத்து வேண்டாம், படம் காட்டலாம் என்று ஒரு முறை தம்பியிடம் மூன்று முகங்கள் வரைந்த அட்டையைக் கொண்டுவந்தார்கள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் சிரிக்கும் முகத்தையே தொட்டான். அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தபோதும் தேடிப் பிடித்து அதையே தொட்டான். அவனுக்கு அந்த முகத்தைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? யாரைப் பற்றிக் கேள்வி கேட்டார்களோ அவரேதான்! தாளில் முழு மதிப்பெண்.

அவனைக் கேட்டுப் பயனில்லை, குடும்பத்தாரைக் கேளுங்கள் என்பார்கள். கேட்கலாம். சாப்பிட்டானா, தூங்கினானா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதை நாங்கள் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவோம். அவன் உள்ளுக்குள் என்ன உணர்கிறான் என்பதில் எங்கள் பதிலும் அவன் பதிலும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தவிர, குறை சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயம் இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பணியாளரைக் கேட்டாலோ, அவருக்குத் தொந்தரவு தராதவரோடுதான் 'நல்ல உறவு' இருக்கும்.

இந்த இடத்தில்தான் கட்டுரையாளரோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். இல்லத்தில் இரண்டு பேர் முறைவைத்துத் தம்பியைக் கவனிக்கிறார்கள். ஒரு பெண் காலையில் இரண்டு சட்டைகளை எடுத்துவந்து, அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, இரண்டையும் காட்டிவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். சில நாள் அவன் இரண்டையும் தள்ளிவிட்டு, 'போ' என்று கத்துவான். அவர் 'சரிப்பா, அப்புறம் வரேன்' என்று சட்டைகளைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய், வேறு வேலையை முடித்துவிட்டு வருவார். அதற்குள் அவனே ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பான். இன்னொருவர் அறைக்குள் வந்ததுமே, அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, தம்பியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விடும். கையைத் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருப்பான். சட்டை நிமிடத்தில் மாட்டப்பட்டுவிடும். தினசரிக் குறிப்பில் முதல் பெண்ணின் நாள்களில் 'எதிர்ப்பு', 'பிடிவாதம்' என்று இருக்கும். இரண்டாமவரின் நாள்களில் 'நன்றாக ஒத்துழைக்கிறார்'.

இந்தக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பெண்ணிடம் அவன் பயமில்லாமல் 'போ' என்கிறானே, அதுதான் அந்த உறவின் முதல் மதிப்பெண். மாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில் சொல்லப்படும் சரிக்குத்தான் அர்த்தம் உண்டு. எந்தப் படிவத்திலாவது 'இவர் உங்களிடம் மறுப்புத் தெரிவிப்பாரா? தெரிவித்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வி இருக்கிறதா? என் கையில் கிடைத்த படிவங்கள் எதிலும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. கேள்விகள் கொஞ்சமாக, கையில் பிடித்துக் காட்டக்கூடிய விஷயங்களைப் பற்றியதாக இருக்கட்டும். 7 படிகளுக்குப் பதிலாக 2 அல்லது 3 போதும். பார்த்துக்கொள்பவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஒரே விஷயத்தை இன்னொரு நாள் திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' என்ற முறையில், ஒரு விரிப்பின் மேல் பக்கத்தில் 'பிடிக்கும்', 'தெரியவில்லை', 'பிடிக்காது' என்ற குறிகள் இருக்கும். பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால், எந்தக் குறியின் கீழ் வைப்பது என்று பதில் சொல்பவர்களே தீர்மானித்து வைப்பார்கள், மனம் மாறினால் எடுத்து வேறிடத்தில் வைப்பார்கள். சிரிக்கும் முகத்தைத் தொடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

பேச்சே இல்லாதவர்களுக்கு இதுவும் உதவாது. அங்கே கேள்வியை விட்டுவிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சில நிமிடம் வீடியோ எடுத்து, அவர் எத்தனை முறை கண்ணாலோ கையாலோ சத்தத்தாலோ எதையோ தெரிவிக்கிறார், அதில் எத்தனை முறை எதிரே இருப்பவர் கவனிக்கிறார், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று எண்ணலாம். நேரம் பிடிக்கும் வேலைதான். குளியலறையில் கேமரா வைக்கவும் கூடாது. ஆனாலும் ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையே அவர் முகத்தை யாராவது பார்த்தார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த மதிப்பெண்ணைப் பணியாளர்களின் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்ட மறுநாளே எல்லோரும் ஒத்துழைப்பார்கள். என் தம்பியின் கைகள் இன்னும் வேகமாக மேலே போகும். குறைந்த சம்பளத்தில் அல்லாடும் அந்தப் பணியாளர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

தங்கள் இதழில் இனி இப்படி ஒரு மதிப்பெண்ணை வெளியிடும்போது, பதில் சொன்னது வசிப்பவரா, குடும்பத்தாரா, பணியாளரா என்றும், கேள்வி கேட்டவர் அந்த இல்லத்தில் சம்பளம் வாங்குபவரா என்றும் அதன் கீழே ஒரு வரி சேர்க்கும்படி கட்டுரையாளர்களிடம் சொல்ல வேண்டுகிறேன். அந்த விவரத்தைத் தர மறுக்கும் இல்லத்தின் மதிப்பெண்ணை அச்சிடாமலேயே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)