பிள்ளைகளை ஹோமில் சேர்க்குமுன், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறபோது தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் பாளையங்கோட்டையில் ஹோமில் சேர்த்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இதை நேரில் சொல்ல வந்தால் கடையில் ஆள் இருப்பார்கள், நீங்களும் "சரிம்மா, பார்ப்போம்" என்று அடுத்த ஆளுக்குச் சாமான் கட்டப் போய்விடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் இதே யோசனையில் இருக்கிற வீடு உங்கள் வீடு ஒன்று மட்டும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்புவது வேறு வழியே இல்லாதபோது, கடைசியில் செய்ய வேண்டியது. நாம் அதை முதலில் செய்யப் பார்க்கிறோம்.

தம்பி போனதிலிருந்து அரிசி பருப்பு, நோட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தம்பி சம்சாரம் விடிந்ததிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வருகிற கூலி வட்டிக்கே போகிறது, பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்கு முனை மடக்கிக் கொடுக்க உட்கார்ந்துவிடுகிறாள், சின்னவனைக் கவனிக்க ஆள் இல்லை, ஹோமில் விட்டால் மூன்று நேரம் சாப்பாடும் ஒழுங்கான படிப்பும் கிடைக்கும் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். பாசம் இல்லாத பெரியப்பாவாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்களை நமக்குத் தெரியும், அதையும் நான் மறுக்கவில்லை. யாருமே இல்லாத பிள்ளைக்கு நல்ல இல்லம் ஒரு வரம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள், நீங்கள் இருக்கிறீர்கள். இல்லாதது பணமும் கொஞ்சம் துணையும்தான், அதற்காகப் பிள்ளையையே ஏன் இடம் மாற்ற வேண்டும்?

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. குடும்பத்தோடு வளர்வது குழந்தையின் உரிமை, இல்லத்தில் விடுவது கடைசி வழி. ஒரு இல்லத்துக்கு நேரே போய்ப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வர முடியாது, மாவட்டத்தில் இருக்கிற குழந்தைகள் நலக்குழு முன்னால் ஆஜர்படுத்தி உத்தரவு வாங்க வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. அந்தச் சட்டத்தில் பதிவு செய்யாத இல்லம் எதுவும் நடக்கவே கூடாது. "அது ஹோம் இல்லை அண்ணாச்சி, ஹாஸ்டல்தான்" என்று உங்களிடம் யாராவது சொன்னால், ஹாஸ்டலுக்கும் 2014-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது, உரிமம் எங்கே என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அப்புறம், இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஆண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஏழு வயதுப் பையன், அப்பாவைப் பறிகொடுத்த கொஞ்ச நாளிலேயே அம்மாவையும் அக்காவையும் சேர்த்துப் பிரிய வேண்டும். அவன் இப்போது ராத்திரி படுக்கையை நனைக்கிறான், சரியாகப் பேசுவதில்லை, பக்கத்துப் பையனைக் காரணமில்லாமல் அடிக்கிறான் என்று அவன் அம்மா என்னிடம் அழுதாள். வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிற இடத்தில் படுக்கையை நனைக்கிற பிள்ளை என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். திருநீறு போட்டுப் பார்த்தாயிற்று, கயிறு கட்டியாயிற்று. நம்பிக்கை இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆனால் துக்கத்தைச் சொல்லத் தெரியாத வயதில் அது உடம்பிலும் குணத்திலும்தான் வெளிவரும், அதற்கு வைத்தியம் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்று ஒரு எண், டெலிமனஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் அவன் அம்மா பேசட்டும், அவளுக்கும் அது தேவை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பையனுக்குப் பைத்தியம் என்று ஊர் பேசும் என்று பாட்டி பயப்படுகிறார்களாம். ஊர் இரண்டு நாள் பேசும். பையன் இன்னும் ஐம்பது அறுபது வருஷம் வாழ வேண்டியவன்.

இப்போது பணம். மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு, ஸ்பான்சர்ஷிப் என்றும் சொல்வார்கள். கணவனை இழந்த தாயின் பிள்ளைகளும் இதற்குத் தகுதியானவர்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், பிள்ளை வீட்டில் இருந்து படிப்பதற்காகவே கொடுப்பது. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும், பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டும். மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கேட்ட மறுமாதமே கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், ஒதுக்கீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நடையும் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் மனு உள்ளே போகாமல் எதுவும் வராது. 2025 செப்டம்பரில் மாநில அரசு ஆரம்பித்த அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வருகிறது என்று கடையில் யாரோ சொன்னார்களாம். அது தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாத பிள்ளைகளுக்கு, இல்லையென்றால் ஒருவர் இறந்து மற்றவர் கடும் நோய், உடல் குறை, சிறை என்று பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு. நம் வீட்டுக்குப் பொருந்தாது, அதில் நேரத்தை விட வேண்டாம்.

தம்பி சம்சாரத்திடம் பீடித் தொழிலாளி அடையாள அட்டை இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகை கொடுக்கிறது, ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கம் கை வலிக்க வலிக்கப் பீடி சுற்றுகிற எத்தனையோ அம்மாக்கள் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை, எனக்கு அது பெரிய ஆற்றாமை. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கும் அவள் இன்னும் எழுதிப் போடவில்லை என்று தெரிகிறது.

பெரியவள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள், இப்போது எட்டு. பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 2020-லிருந்தும், இன்ஜினியரிங், வேளாண்மை போன்றவற்றில் 2021-லிருந்தும் இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. பாளையங்கோட்டையில் ஹோமோடு சேர்ந்த பள்ளிக்கூடங்கள் நிறைய அரசு உதவி பெறும் பள்ளிகள், பெயர் பெற்றவைதான், ஆனால் அங்கே மாற்றினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருவது 2024-லிருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, அதில் பயமில்லை. 7.5 தான் போகும். நன்றாகப் படிக்கிற பிள்ளை அண்ணாச்சி, கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை. இல்லம் தேடிக் கல்வி நடந்தபோது மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். பத்து முடிந்ததும் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு உங்கள் சொந்தத்தில் ஓடுகிறதாம். பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சை நீங்கள் ஒரு வார்த்தையில் நிறுத்தலாம், உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை உங்களுக்குத் தெரியும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை அந்த ஊரும் நம் திருநெல்வேலி ஜில்லாதான். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ராமகிருஷ்ணன் 1981-இல் ஆரம்பித்தது. அங்கே விடுதியும் பள்ளிக்கூடமும் இருந்தாலும், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளைத் தேடிக் கிராமங்களுக்கே ஆட்கள் போய், அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பிள்ளை அதன் வீட்டிலேயே இருக்கிறது, உதவி அங்கே போகிறது. நான் கேட்பதும் அதுதான்.

"அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டி நம்ம பிள்ளைகளை வளர்க்கணுமா" என்று கேட்டீர்களாம். ஹோமில் சேர்த்தாலும் அடுத்தவர் கொடுக்கிற பணத்தில்தானே சாப்பிடப் போகிறார்கள்? அதை வீட்டில் இருந்து சாப்பிட்டால் என்ன குறைச்சல்?

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அடி உதை, கடத்தல் என்றால்தான் கூப்பிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1996-இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவையை இப்போது அரசே நேரடியாக நடத்துகிறது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். "இப்படி ஒரு குடும்பம், எங்கே போக வேண்டும்" என்று வழி கேட்டும் கூப்பிடலாம். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்றும் இருக்க வேண்டும், தலைவர் உங்கள் கடைக்கு வருகிறவர்தானே, எப்போது கூடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நானும் வருகிறேன், முதலில் மனுவைக் கொடுத்துவிட்டுப் பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பேசுவோம். தம்பி சம்சாரம் கட்டாயம் வர வேண்டும், கையெழுத்து அவளுடையது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை நடக்கிறது, அவர்கள் வேண்டாம். இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, விதவைச் சான்று, இரண்டு பேருக்கும் பள்ளியில் படிப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். வருமானச் சான்றும் விதவைச் சான்றும் இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக்கே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், அது வருவதற்குள் மனுவைக் கொடுத்து வைக்கலாம். அவளும் பிள்ளைகளும் இன்னும் உங்கள் ரேஷன் கார்டில் இருந்தால் உங்கள் கடை வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க இடம் உண்டு, தனிக் கார்டுக்கும் அப்போதே எழுதிப் போடுங்கள். இறப்புச் சான்றில் தம்பி பெயருக்கு இனிஷியல் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறதா என்று இன்றைக்கு ராத்திரி கடை அடைத்ததும் எடுத்துப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருத் தங்கச்சி