கொடைக்கானல் மழைக்கணக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வான் ஆய்வகம் இந்த மலைக்கு வந்த 1899 தொடங்கி இன்றுவரை கொடைக்கானலில் பெய்த மழையை மாதவாரியாக ஒரே அட்டவணையில் கோக்கும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. எண்களைத் தந்தவர்கள் பலர், எல்லோருக்கும் நன்றி. ஆனால் அந்த எண்களை எந்த மழைமானியில், எந்த மரத்தடியில், எந்த வேளையில் எடுத்தார்கள் என்று சொன்னவர்களிடம்தான் எங்களுக்குக் கடன் அதிகம். இந்த மடலும் பெரும்பாலும் அவர்களுக்கே.

முதல் வணக்கம் ஆய்வகத்தின் பழைய பணியாளர்களுக்கு. தாது வருடப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் (சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகள்) பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் சூடாக நடந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த ஆய்வகத்தின் வானியல் பணி மலையேறியதற்கு அதுவும் ஒரு காரணம். பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்த வானியலாளர் மிச்சி ஸ்மித் கடைசியில் நம் ஊரைத் தேர்ந்தார். புள்ளிகளை வைத்து மழையைக் கணிக்கும் கனவு பலிக்கவில்லை. 1909இல் அந்தப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் இங்கிருந்தே கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். காலைக் குளிரில் மழைமானியைத் திறந்து பார்த்த பணியாளருக்கு ஒரு பெயர்ப்பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் செய்த பெரிய உபகாரம், மழை இல்லாத நாளில் 0 என்று எழுதியது. கட்டத்தை வெற்றாக விட்டிருந்தால், மழை பெய்யவில்லையா, ஆள் போகவில்லையா என்று இன்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம்.

தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஆய்வகப் பதிவைச் சரிபார்க்கத் தோட்டப் பேரேடுகளை வாங்கினோம். எல்லாம் அங்குலத்திலும் சென்ட்டிலும் இருந்தன. நூறு சென்ட் ஓர் அங்குலம், அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர்; அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு பேரேட்டில் சில ஆண்டுகள் மட்டும் மழை பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. ஐயா பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “அளவுக் குவளை உடைந்துபோய் வேறு வாங்கி வந்தோம். அது பெரிய மானிக்குரியது.” குவளையின் கோடுகள் அதற்குரிய மானியின் வாய்ப்பரப்புக்கு ஏற்பப் போடப்பட்டவை; கணக்குப் போட்டால் பொருந்தியது. ஐந்து அங்குல வாய் உள்ள மழைமானியின் நீரை, எட்டு அங்குல மழைமானிக்குரிய குவளையில் ஊற்றினால் உண்மை மழையில் 39 விழுக்காடுதான் காட்டும். அந்த ஆண்டுகளை 2.56 ஆல் பெருக்கினோம், வரிசை நேரானது. ஐயாவின் நினைவு இல்லாவிட்டால், நடக்காத ஒரு பெரும் வறட்சியை வரலாற்றில் ஏற்றியிருப்போம்.

தேதிக் குழப்பத்தையும் அவரே அவிழ்த்தார். வானிலைத் துறை வழக்கப்படி, காலை 8.30க்கு அளந்த மழை அளந்த நாளின் பெயரில் ஏறும். அவருடைய தோட்டத்தில் பெய்த நாளின் பெயரிலேயே எழுதுவார்களாம். டிசம்பர் 31 இரவு கொட்டினால் ஆண்டுக் கணக்கே மாறிவிடும்! (1906க்கு முன் இந்திய நேரம் கிடையாது, சென்னை நேரம்தான். அந்த ஒன்பது நிமிட வேறுபாட்டை மழை பெருந்தன்மையாக மன்னித்துவிட்டது.)

பேரேடுகளைக் கணினியில் ஏற்றிய கல்லூரி மாணவிகளில் ஒருவர், யாரும் சொல்லாமலே, மழையைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டு தோட்டங்களில் ஞாயிறு எப்போதும் காய்ந்து கிடந்தது, திங்கள் கொட்டித் தீர்த்தது. வானம் வார விடுமுறை எடுப்பதில்லை, மழையை அளந்து எழுதும் தோட்டத்து ரைட்டர் எடுத்திருக்கிறார். மாதக் கூட்டுத்தொகைக்குப் பெரிதாகப் பழுதில்லை. ஆனால் ஒரே நாளில் பெய்த பெருமழைகளின் பட்டியலிலிருந்து அந்தத் திங்கட்கிழமைகளை நீக்கினோம். அம்மா, உங்கள் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தைக் கொடுத்தது. மணமக்களுக்குப் பின்னால், வளர்ந்த சைப்ரஸ் மரத்தை ஒட்டினாற்போல் மழைமானி நிற்கிறது. மரமோ சுவரோ தன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தோட்டத்து மழை ஆண்டுக்காண்டு குறைந்ததற்குக் காரணம் வானமல்ல, வளர்ந்த மரம் என்பது படத்தில் தெரிந்தது.

ஓய்வுபெற்ற வானிலை அலுவலர் ஒருவர் எங்களோடு சண்டையே போட்டார். பெரியகுளத்து மழையை வைத்து இங்குள்ள இடைவெளிகளை நிரப்பலாம் என்பது எங்களில் சிலருடைய யோசனை. கீழே சமவெளி, இங்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். ஐப்பசியில் இங்கே கொட்டும்போது அங்கே வெயில் காயலாம் என்றார். இதே மலையிலுள்ள பூம்பாறைக்கும் பெருமாள்மலைக்குமே ஒத்துப்போவதில்லையே! தெரியாத மாதத்தை வெற்றாக விடுவதுதான் நாணயம் என்று அவர் பிடிவாதமாக நின்றதால், அட்டவணையில் சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. இப்போது எனக்கு அவற்றைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும், பேரேட்டு மூட்டைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய வத்தலக்குண்டு பஸ் நடத்துநர்களுக்கும் நன்றி. பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டோம் என்று சிரித்தபடி சொன்ன அலுவலகத்துக்கு இந்த மடலில் இடமில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையைத் தாண்டிப் போனது. மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன. அந்த வாரத்திலும் மழையை அளந்து எழுதிவைத்தவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

அட்டவணையின் படி ஒன்றை உதவிய ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புகிறோம். திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணும், திருத்தியதன் காரணமும் இருக்கும். தவறென்று பட்டால் எழுதுங்கள். பரணில் மழைப் பேரேடு ஏதாவது கிடந்தால், கடைக்காரர் தராசை எடுப்பதற்குள் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள்.

நன்றியுடன்,
மழைக்கணக்கு தொகுத்த நண்பர்கள் சார்பில்,
கொடைக்கானல்