கத்திரி திறக்கிற கை

ஈரோடு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றதும் சாந்திக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் உன் வீட்டில் தரையில் ஒரு சாமான் வைக்க முடியாது என்கிறாள். இதை வலது கையில் மணிக்கட்டைத் தாங்குகிற ஸ்பிளின்ட் பட்டையை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டைத் தூக்கி விரல்களைத் திறக்கிற தசைகளுக்குப் போகும் நரம்பு வரவில்லை. அடிபட்ட நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளருமாம். அந்தக் கணக்குக்கு வந்திருக்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது. தசைக்கு நரம்பு வந்துவிட்டதா என்று ஊசி குத்திப் பார்க்கிற இ.எம்.ஜி. சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் நரம்பு எட்டாமல் கிடந்த தசை, அதற்குப் பிறகு எட்டினாலும் பெரும்பாலும் எழுந்துகொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்கிறவர்கள், கையில் பலம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மடக்குகிற பலம் அப்படியேதான் இருக்கிறது. மணிக்கட்டு தொங்கிப்போவதால் பிடிதான் நிற்பதில்லை. ஸ்பிளின்ட் போட்டு மணிக்கட்டை நிமிர்த்திவிட்டால் துணியை இறுக்கிப் பிடிக்கிறேன். ஆனால் கத்திரியை மூட முடிகிறது, திறக்க முடியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் இடது கையால் கட்டைவிரலைப் பிரித்துவிட வேண்டும். ஒரு ரவிக்கை வெட்டுவதற்குள் பொழுது போய்விடுகிறது. இப்போது வெட்டுவது எல்லாம் செல்விதான்.

ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். தசையை எலும்போடு கட்டியிருக்கிற கயிறு மாதிரியான தசைநாணை மாற்றிக் கட்டுகிற ஆபரேஷன். வேலை செய்கிற தசையின் நாணை அதன் முனையில் கழற்றி, செத்துப்போன தசையின் நாணோடு தைத்துவிடுவது. ஏரில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி மாட்டை அவிழ்த்து ஏரில் பூட்டுவோமே, அந்த மாதிரி. உள்ளங்கையைக் கவிழ்க்கிற தசை ஒன்று மணிக்கட்டைத் தூக்கப் போகும். மணிக்கட்டை மடக்குகிற இரண்டில் ஒன்று நான்கு விரல்களையும் திறக்கப் போகும். கட்டைவிரலுக்கு, மணிக்கட்டின் நடுவில் ஓடுகிற ஒரு மெல்லிய நாண். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிப் பார், கயிறு மாதிரி எழுந்து நிற்கும். சிலருக்குப் பிறப்பிலேயே இருக்காது. சாந்திக்கு இல்லை! இத்தனை வருஷம் அந்தக் கையால்தான் ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். அதை எடுத்தால் எனக்கு ஒன்றும் குறையாது என்ற தைரியம் அவள் கையைப் பார்த்துத்தான் வந்தது.

யோசனை எல்லாம் அந்த மடக்குகிற தசையில்தான். சுண்டுவிரல் பக்கத்தில் ஒன்று, கட்டைவிரல் பக்கத்தில் ஒன்று. சுத்தியல் அடிக்கவும் இறுக்கிப் பிடிக்கவும் சுண்டுவிரல் பக்கத்துத் தசைதான் முக்கியமாம். "எனக்குக் கத்திரி பிடிக்கணும் சார், இஸ்திரிப் பெட்டி தூக்கணும்" என்றேன். அப்படியானால் அதை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம் என்றார் டாக்டர். வேலையைக் கேட்டுவிட்டுத் தசையைத் தேர்ந்தெடுக்கிறாரே, அங்கேதான் எனக்கு நம்பிக்கை விழுந்தது.

முழுக்கப் பழைய கை ஆகாது. இடம் மாற்றிய தசைக்குக் கொஞ்சம் பலம் குறையும். நான்கு விரலும் சேர்ந்துதான் திறக்கும், தனித்தனியாக வராது. நான் என்ன வீணையா வாசிக்கிறேன்? நாலு வாரம் போல கட்டு, அப்புறம் பயிற்சி. ஆரம்பத்தில் மணிக்கட்டைத் தூக்க, கையைக் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். போகப் போக மனசு பழகிவிடும் என்கிறார் பிசியோ பெண். நரம்பு ஆபரேஷன் மாதிரி இதற்கு நாள் கெடு கிடையாது. மூட்டுகள் விறைத்துப்போகாமல் இருந்தால் போதும். அதனால் காலையும் மாலையும் இடது கையால் விரல்களை நீட்டிவிடுகிறேன்.

உங்கள் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் டாக்டரை உனக்குத் தெரியாமல் இருக்காது. தொழுநோயில் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளுக்கு 1940களின் கடைசியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் இதே முறையில் ஆபரேஷன் செய்தவர். மருத்துவம் படிக்கிறதற்கு முன்னால் லண்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவராம். குணமான கைக்குத் தொழிலும் வேண்டும் என்று, அவர்களுக்குத் தச்சு வேலை, பொம்மை செய்வது எல்லாம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கைத்தொழில் தெரிந்த டாக்டர் என்பதாலோ என்னவோ, எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

சாந்திக்கு இன்னும் அரை மனசுதான். நல்லா இருக்கிற தசையில் ஏன் கத்தி வைக்க வேண்டும் என்கிறாள். அது நியாயமான பயம். நீ ஒரு தடவை போனில் பேசு, நீ சொன்னால் கேட்பாள். தீபாவளித் துணி எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கார்த்திகையில் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். மூன்று மாசம் பளு தூக்கக் கூடாது. அதுவரை கடையைச் செல்வி பார்த்துக்கொள்வாள்.

அதனால் மகள் கல்யாண ரவிக்கைத் துணிகளை ஐப்பசிக்குள் கொடுத்தனுப்பு. அளவு ரவிக்கை புதியதாக இருக்கட்டும். போன தடவை நீ அனுப்பியது அவள் பள்ளிக்கூடத்தில் போட்டது.

அன்புடன்,
பழனிசாமி