அயனியைப் பழமரமாகவும் வளர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரியதும், குமரி மாவட்டத்தில் அயனி என்றும் மலையாளத்தில் ஆஞ்சிலி என்றும் வழங்கப்படுவதுமான மரம், இன்று வெட்டுமரக் கணக்கில் மட்டுமே மதிக்கப்படுவது வருத்தமளிப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பலாவின் இனத்தைச் சேர்ந்த அயனி 30 மீட்டருக்கும் மேலாக நெடுநெடுவென்று வளரும். கறையான் எளிதில் அண்டாத அதன் வைரம் பாய்ந்த உட்கட்டை வள்ளம் கட்டவும் கதவுநிலை, உத்தரம் செய்யவும் உகந்தது என்பதால், அடிமரம் பருத்ததுமே விலை பேசப்பட்டுவிடுகிறது. அது தரும் பழத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பழுத்து விழும் அயனிச்சக்கை என்னும் அப்பழம் உள்ளங்கையில் அடங்கிவிடும். முள் நிறைந்ததாயினும் அதன் தோலை விரலாலேயே உரித்துவிடலாம். நடுத்தண்டைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும் மஞ்சள் சுளைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயிலிட்டால், இனிப்போடு மெல்லிய புளிப்பும் சேர்ந்துவரும். கையில் பிசுபிசுக்கும் பாலைப் போக்க எண்ணெய்தான் தேய்க்க வேண்டும். துப்பிய கொட்டைகளையும் நாங்கள் வீணாக்கியதில்லை. கழுவிக் காயவைத்து வறுத்துத் தின்போம். திரிபோல நீண்டு தொங்கி உதிரும் ஆண்பூக் கதிரைக்கூட உலர்த்தி, கொசுவிரட்டப் புகைப்பதுண்டு. எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற ஒற்றை அயனி வெட்டப்பட்ட பின், வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பழத்தைப் படத்தில்தான் காட்ட வேண்டியதாயிற்று.

இப்பழம் சந்தைக்கு வராததற்குக் காரணம் சுவைக்குறைவு அன்று. கிளையில்லாமல் உயர்ந்து நிற்கும் மரத்தில் ஏறிப் பறிப்பது கடினம். அவ்வளவு உயரத்திலிருந்து தானாக விழுந்தால் சிதறிவிடும். பறித்தாலும் நெடுநாள் தாங்காது. ஆகவே, இனிப்பு மிகுந்த பழம் தரும் தாய்மரங்களை அடையாளங்கண்டு, அவற்றிலிருந்து ஒட்டுக்கன்றுகளை உருவாக்கி, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து தாழ்வாக வளர்க்கும் முயற்சியைத் தோட்டக்கலைத் துறை மேற்கொள்வது பயனளிக்கும் என்று கருதுகிறேன்.

ஒட்டுக்கட்டுவதற்கு முதலில் விதையிலிருந்து நாற்று வளர்க்க வேண்டியிருப்பதால், இதில் காலம் மிக முக்கியம். அயனி விதை உலர்ந்துவிட்டால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும் என்பதால், ஏனைய விதைகளைப்போல் சேமித்துவைத்து வசதிப்பட்டபோது விதைக்க இயலாது. எனவே, வரும் பழப்பருவத்திலேயே விதைகளைச் சேகரித்து, ஈரம் காயும் முன்பே அரசு நாற்றங்கால்களில் ஊன்றுவதற்கு வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் ஆவன செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
குமரி மாவட்ட வாசகர் ஒருவர்