அப்பழுக்கற்ற நாயகனிடம் கதை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோ படங்கள் வெளியாகும்போதெல்லாம் விமர்சனங்களில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறுகிறது. நாயகன் முழுக்க முழுக்க நல்லவனாக இருந்தால் அவனிடம் சொல்வதற்குக் கதை ஏதும் இல்லை, அவனுக்குள் ஒரு பழிவெறியோ குற்ற உணர்வோ குடிப்பழக்கமோ இருந்தால்தான் அவன் மனிதனாகத் தெரிவான் என்பதே அது. இக்கருத்து இப்போது விவாதத்துக்கே இடமில்லாத உண்மைபோல எடுத்துக்கொள்ளப்படுவதால், அதை மறுத்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1986ஆம் ஆண்டைச் சுட்டுவார்கள். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ என்ற சித்திரக்கதைத் தொடர் அந்த ஆண்டில்தான் வெளிவரத் தொடங்கியது. ஃபிராங்க் மில்லர் படைத்த, வயது முதிர்ந்து கசந்துபோன பேட்மேனும் அதே ஆண்டில்தான் வந்தான். முகமூடி அணிந்தவர்களின் மனக்கோணல்களை அத்தனை கூர்மையாகக் காட்டிய அவை பெரும் படைப்புகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில், அதே மூரும் அதே கிப்பன்ஸும் இணைந்து சூப்பர்மேனைப் பற்றி ஒரு சிறிய கதையை உருவாக்கினார்கள் என்பதை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துப் பேசி நான் கண்டதில்லை. சூப்பர்மேனின் பிறந்தநாளன்று எதிரி ஒருவன் அனுப்பிய விசித்திரமான செடி அவன் மார்பைப் பற்றிக்கொண்டு, அவன் உள்ளம் ஏங்கும் வாழ்க்கையைக் கனவாகக் காட்டுகிறது. அக்கனவில் அவன் பிறந்த கிரிப்டான் கோள் அழியவில்லை. பறக்கும் ஆற்றலோ புகழோ இல்லாத சாதாரணக் குடும்பத்தலைவனாக, மனைவி மக்களோடு அவன் அங்கே வாழ்கிறான். கனவு மெல்லக் கலையத் தொடங்கும்போது அவன் தன் சிறுமகனிடம், நீ உண்மையானவன் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல நேர்கிறது. அந்தக் கட்டத்தில் நிற்பவனிடம் ஒரு குறையும் இல்லை; ஒரு தீய எண்ணம்கூட இல்லை. ஆயினும் படிப்பவர்கள் கலங்குகிறார்கள். நல்லவனுக்கும் இழப்பதற்கு ஏதேனும் இருக்கிறது என்பதும், தான் இழப்பது இன்னதென்று தெரிந்தே அவன் கைவிடுகிறான் என்பதும் அக்கலக்கத்துக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

நல்ல நாயகர்கள்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு உண்மையில் வேறொன்றின்மீது சுமத்தப்பட வேண்டியது என்பது என் துணிபு. சலிப்பை உண்டாக்குவது நாயகனின் நற்குணமன்று. தடையே இல்லாத அவனுடைய வலிமை. மலையைப் புரட்டக்கூடியவன் ஒரு காரைத் தூக்கும்போது நமக்குப் பதற்றம் வராது. அவன் கெட்டவனாக இருந்து அதே காரைத் தூக்கினாலும் வராது. எனவே, நல்லவனைச் சுவையான பாத்திரமாக்க விரும்பும் எழுத்தாளர் அவனுக்கு ஒரு தீய பழக்கத்தை ஒட்டவைக்க வேண்டியதில்லை. அவனுடைய கைவலிமை செல்லுபடியாகாத ஓர் இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

இதற்கு நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த சான்று, கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ தொடரின் பத்தாம் இதழில் உள்ள ஒரே ஒரு பக்கம். உயர்ந்த கட்டடம் ஒன்றின் விளிம்பில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்மேன் வந்து நிற்கிறான். அவள் குதித்தால், தரையைத் தொடும் முன் ஒரு நூறு முறையாவது அவனால் அவளைத் தாங்கிப் பிடிக்க முடியும். ஆனால் அவள் விழுவதைத்தான் வலிமையால் தடுக்க முடியுமே தவிர, விழ வேண்டும் என்ற எண்ணத்தைத் தடுக்க முடியாது. ஆகவே அவன் பேசுகிறான். உன் மருத்துவர் வர இயலாமல் தாமதமானது உண்மைதான் என்கிறான்; நிலைமை தோன்றுகிற அளவுக்கு மோசமில்லை என்றும், நீ நினைப்பதைவிட நீ உறுதியானவள் என்றும் சொல்கிறான். அவள் திரும்பி அவனை அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கம். அத்தொடரில் அவனே சாவை எதிர்நோக்கியிருப்பவன். செய்து முடிக்க வேண்டியவை அவனுக்கு எத்தனையோ இருக்கின்றன. அப்படியிருந்தும் அவன் அவளிடம் சொல்லும் முதல் செய்தி மருத்துவர் அவளைக் கைவிடவில்லை என்பதாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவளுடைய துயரத்தின் வேர் எது என்று அறிந்து பேசுகிற அந்த நுண்மை, எந்த இருண்ட நாயகனின் புலம்பலைக் காட்டிலும் ஒரு பாத்திரத்தை நமக்கு நெருக்கமாக்குகிறது.

நல்லவன் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் கதைக்கு வளமான நிலம். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய, 1938 ஜூன் தேதியிட்டு வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழிலேயே இது இருக்கிறது. நடன அரங்கில் முரடன் ஒருவன் பத்திரிகையாளர் லோயிஸ் லேனிடம் வம்பு செய்யும்போது, அவளோடு பணிபுரியும் சாதாரண மனிதன் கிளார்க் கென்ட்டாக வாழும் சூப்பர்மேன் தன் உண்மை உருவம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பயந்தவன்போல ஒதுங்கி நிற்கிறான். அவள் அவனைக் கோழை என்று ஏசிவிட்டுப் போகிறாள். ஒரு விரலால் அந்த முரடனை அடக்கிவிடக்கூடியவன் அந்த ஏச்சை வாங்கிக்கொள்கிறான். நம் மொழியில் இதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே கம்பன் படைத்த பரதன் இருக்கிறான். அவனிடம் எள்ளளவும் குற்றமில்லை. ஆனால் அவன் அண்ணனை அழைத்துவரப் படையோடு வரும்போது, இராமனைக் கொல்லத்தான் வருகிறான் என்றெண்ணிக் குகன் போருக்கு எழுகிறான், இலக்குவனும் கொதிக்கிறான். மரவுரி தரித்த அவனுடைய கோலத்தை அருகில் கண்ட பிறகுதான், ஆயிரம் இராமர்கூட இவனுக்கு ஈடாவார்களா என்று குகன் வியக்கிறான். பரதனைப் படித்துச் சலிப்படைந்தேன் என்று தமிழ் வாசகர் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் மாறவே இல்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள்தாம் மாறுகிறார்கள். நாயகன் மாறினால்தான் கதை என்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் விதியை இந்த இடத்தில் சற்றுத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

நல்லெண்ணம் உடையவன் எல்லாம் அறிந்தவனாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2025இல் வந்த ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ படத்தில், இரு நாடுகளுக்கிடையே மூண்ட போரைத் தடுத்து நிறுத்திய நாயகனை லோயிஸ் பேட்டி காண்கிறாள். யாரிடம் கேட்டுக்கொண்டு தலையிட்டாய், அதன் விளைவுகளை எண்ணிப் பார்த்தாயா என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, மக்கள் செத்திருப்பார்களே என்பதைத் தவிர அவனிடம் விடை இல்லை, குரல் உயர்கிறது. அங்கே அவனுடைய நல்லெண்ணத்தை அவளும் ஐயுறவில்லை, நாமும் ஐயுறவில்லை. இருவருமே சரியானதைத்தான் பேசுகிறார்கள். சண்டைக் காட்சிகள் நிறைந்த அந்தப் படத்தில் என்னை மிகவும் பிடித்து நிறுத்திய காட்சி, இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் இதுதான்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1933இல் அதே பெயரை முதலில் ஒரு தீயவனுக்குத்தான் சூட்டினார்கள். இலவச உணவுக்கு வரிசையில் நின்ற ஏழை ஒருவன், வேதியியல் அறிஞர் ஒருவரின் மருந்தால் பிறர் மனத்தை அறியும் ஆற்றல் பெற்று உலகையே ஆள நினைப்பதும், மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழைய வரிசைக்கே திரும்புவதும் அக்கதை. அது அவர்களுக்கு நிலைத்த புகழ் எதையும் தரவில்லை. ஆற்றலோடு நல்ல மனத்தையும் சேர்த்து அவர்கள் மீண்டும் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆற்றல் கிடைத்தவன் கெட்டுப்போவது எவரும் எதிர்பார்ப்பதே. கெட்டுப்போகாமல் இருப்பதுதான் புதுமையாக இருந்தது.

நல்ல நாயகனை வைத்து எழுதப்பட்ட சலிப்பூட்டும் கதைகள் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றில் எழுத்தாளர் தம் நாயகனிடம் கடினமான கேள்வி எதையும் கேட்பதே இல்லை. இதற்கு மாற்றாகக் கடினமான கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை தேடும் உழைப்பைத் தவிர்த்துவிடும் படங்களும் உண்டு. 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தின் இறுதியில், ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற எதிரியின் கழுத்தை முறிப்பதைத் தவிர நாயகனுக்கு வேறு வழியே இல்லாதபடி காட்சி அமைக்கப்பட்டிருந்தது. கொன்றான் என்பது என் குறையன்று. மூன்றாவது ஒரு வழியைக் கண்டுபிடிப்பவன் என்பதற்காகவே நாம் நம்பும் ஒருவனிடமிருந்து, அந்த வழியை எழுத்தாளர்களே முன்கூட்டி அடைத்துவிட்டு, அதனால் அவன் ஆழமடைந்துவிட்டான் என்று கருதியதே என் குறை.

தங்கள் நாளிதழின் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நாயகன் மிகவும் நல்லவனாக இருப்பதால் படம் சலிப்பூட்டியது என்று இனி எழுத நேரும்போது, எந்தக் காட்சியில் சலிப்பு ஏற்பட்டது என்பதையும், அக்காட்சியில் அவன் முன் வைக்கப்பட்ட இக்கட்டு என்ன என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்