குழாய்த் தண்ணீர்

வியன்னா,
திங்கள் இரவு

அன்புள்ள அங்காரா,

உன் கடிதம் வந்து எட்டு மாதம். பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான். வேறு சொன்னால் நீ நம்பப் போவதில்லை. முட்டி வலி பரவாயில்லை. மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது.

முதல் நாளே மானம் போயிற்று. கடையில் ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கி மூச்சிரைக்கத் தூக்கி வந்தேன். திறந்தால் சோடா! வீணாக்குவானேன் என்று குக்கரில் ஊற்றிச் சாதம் வைத்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "குழாயில பிடிச்சுக் குடிங்கப்பா."

குடித்தேன். பல் கூசியது. பாணதீர்த்த அருவியில் இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்போமே, அந்தச் சில்லிப்பு!

ஆல்ப்ஸ் மலை ஊற்று நீராம். 1873-இல் ஒரு குழாய்த்தடம், 1910-இல் இன்னொன்று. இரண்டாவதில் தண்ணீர் ஊர் வந்து சேர 36 மணி நேரம். மலையிலிருந்து ஊர் வரை மோட்டாரே கிடையாது, சரிவிலேயே ஓடி வருகிறது. அதற்கு முன் கெட்டுப்போன கிணற்று நீரைக் குடித்து டைபாய்டில் செத்திருக்கிறார்கள். மலைத் தண்ணீரைக் கொண்டுவர நகரமன்றத்தில் நின்று போராடியவர் ஒரு நிலவியல் பேராசிரியர், எடுவார்ட் சூயஸ். கால்வாய்க்காரர் இல்லை. தெற்கே இருந்த ஆதிகாலப் பெருங்கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பேர் வைத்தாரே, அவரேதான்! பூகோள சார் நம்மைப் பெஞ்சில் ஏற்றியதற்கும், நீ அங்காரா, நான் கோண்டுவானா ஆனதற்கும் மூல காரணம் இந்த ஊர்க்காரர்.

அரண்மனை பார்த்தாயிற்று. ஸ்டீபன் பேராலயக் கோபுரத்துக்கு 343 படி; கீழேயே நின்று கும்பிட்டுவிட்டேன். மெட்ரோவில் தடுப்புக் கதவே இல்லை, நம்பி விடுகிறார்கள். காபிக் கடையில் வெள்ளித் தட்டில் காபியோடு ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரும் வைத்து, அதன் மேல் கரண்டியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். காபியை விட்டுவிட்டு அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019-இல் சென்னையில் சரசு விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றாள். நான் தூங்கினேன். யாரிடமும் சொன்னதில்லை.

பாபநாசத்தில் ஆற்றுக்குள் இறங்கி, குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன பழைய வேட்டி, சேலை பொறுக்குகிறோம் என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன், உண்மையில் பதில் போடாததும் அதனால்தான். வெட்கமாக இருக்கிறதடா.

அடுத்த மாதம் வந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போ. குனிய முடியாது, கோணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன்,
கோண்டுவானா