ஞாயிறு டைவ், ஞாயிறு இரவு பஸ்: வார இறுதி ஸ்கூபா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் அலுவலகக் குழு, அபார்ட்மென்ட் சங்கம், தமிழ் மன்றம் எனப் பல பெயர்களில் ஸ்கூபா பயணம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்தால் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நேத்ராணி (கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வருக்கு அப்பால் உள்ள தீவு) போஸ்டர் சுற்றத் தொடங்கிவிடும். வெள்ளி இரவு மெஜஸ்டிக்கில் பஸ், விடிந்தால் முருடேஸ்வர், சனிக்கிழமை டைவ், ஞாயிறு காலை இன்னொரு டைவ், மாலை கிளம்பினால் திங்களன்று நேராக அலுவலகம். புதுச்சேரிப் பயணத்துக்கும் இதே அச்சுதான். மடிவாளாவில் ஏறுவது மட்டும் வேறு. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் கடலுக்கடியில் போய்வரலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கடலில் இல்லை, திரும்பி வரும் பஸ்ஸில் இருக்கிறது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டைவ் செய்யும்போது சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன், நீரின் அழுத்தத்தால் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. கரையேறிய பிறகு அது மூச்சு வழியாக வெளியேற மணிக்கணக்கில் ஆகும். முழுக்க வெளியேறும் முன்பே காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழ் கட்டலாம். மூட்டு வலி, தோலில் அரிப்பு, கை கால் மரப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். முற்றினால் நடையே போய்விடும்.

கடைசி டைவுக்கும் உயரம் ஏறுவதற்கும் இடையே, டைவ் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் பரிந்துரைக்கும் இடைவெளி, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து சில நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். இது விமானப் பயணத்துக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் அது கணக்கில் கொள்ளும் உயர வரம்பு சுமார் 600 மீட்டரில் தொடங்குகிறது. முருடேஸ்வரிலிருந்து திரும்பும்போது ஹொன்னாவரிலிருந்து மலைப்பாதையில் ஏறும் பஸ் சில மணி நேரத்தில் சாகரைத் தொட்டுவிடும். அங்கேயே கிட்டத்தட்ட அந்த உயரம் வந்துவிடுகிறது. புதுச்சேரியிலிருந்து வந்தால் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏறும்போது அதையும் கடந்துவிடுவீர்கள்.

எட்டுப் பத்து மீட்டரில் இருபது நிமிடம் மீன் பார்த்துவிட்டு வருபவருக்கு ஆபத்து குறைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதே பஸ்ஸில் ஓபன் வாட்டர் என்னும் அடிப்படைச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்தவர்களும் வருகிறார்கள். அவர்கள் இரண்டு நாளில் குறைந்தது நான்கு டைவ் போட்டிருப்பார்கள், 18 மீட்டர் வரைகூட இறங்கியிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணை என்பதுதான் எங்கள் கவலை.

மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. வியாழன் இரவு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை தூக்கம், தண்ணீர், உபகரணம் அளவு பார்ப்பது. சனிக்கிழமை காலை இரண்டு டைவ். கடைசி டைவ் நண்பகலில் முடிந்தால் 18 மணி நேரம் ஞாயிறு காலை 6 மணிக்கு நிறைவடைகிறது. டிபன் முடித்துப் பஸ் ஏறலாம். ஓபன் வாட்டர் மாணவர்களுக்கு இன்னும் ஒரு நாள் கூட்டுங்கள். அவர்களுடைய வகுப்பையும் நீச்சல் குளப் பயிற்சியையும் பெங்களூரிலேயே முடித்து, கடல் டைவ்களை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள வழி உண்டு, ரெஃபரல் என்பார்கள். டைவ் பயிற்சிக்குச் சான்றளிக்கும் பேடி (PADI) நிறுவனத்தின் முறையில் அந்தச் சான்று 12 மாதம் செல்லும். குளத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறுகிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். படகில் ஏறிய பிறகு தெரிய வேண்டாம்.

அடுத்தது, யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பது. உங்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "தலைக்கு எவ்வளவு?", இரண்டாவது "வீடியோ இலவசமா?" அதற்குப் பதிலாக, "தண்ணீருக்குள் ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். நீச்சலே தெரியாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு பயிற்றுநர் என்பதற்குக் கீழே நாங்கள் இறங்கமாட்டோம். கேமரா பிடிக்கிறவரைப் பயிற்றுநர் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதன்முறை டைவ் செய்பவரை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போவது பேடி விதிக்கு மாறானது. "எங்க ஆளுங்க இருபது மீட்டர் காட்டுவாங்க" என்று யாராவது பெருமையடித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பயிற்றுநரின் எண்ணை வாங்கிச் சான்றளித்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் தேடுங்கள். அவர் இப்போதும் கற்பிக்கத் தகுதியுள்ள நிலையில் இருக்கிறாரா என்று அங்கே தெரியும். சுவரில் மாட்டிய சான்றிதழில் அது தெரியாது.

படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு சார்" என்பார்கள். எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். டைவ் விபத்துக்குத் தரும் முதலுதவி நூறு சத ஆக்சிஜன். முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் 600 லிட்டர் சிலிண்டர் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நேத்ராணி கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர். படகு கரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மீதி நேரத்துக்கு என்ன செய்வார்கள்? பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். சாவி வீட்டில் இருக்கிறது, ரெகுலேட்டர் இந்த சிலிண்டருக்குச் சேராது, கேஜ் முள் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அருகில் எந்த ஊரில் அழுத்த அறை சிகிச்சை கிடைக்கும், யாரைக் கூப்பிடுவது என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். உங்கள் அலுவலக மருத்துவக் காப்பீட்டையும் பிரித்துப் படியுங்கள். சாகச விளையாட்டு விலக்கு பல பாலிசிகளில் உண்டு.

காற்று நிரப்பும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்ப்ரெஸரின் உறிஞ்சு குழாய், டீசல் இன்ஜின் புகை வரும் பக்கமாக இருந்தால் சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்சைடு போகும். அதற்கு வாசனை கிடையாது, ஆழம் கூடக் கூட அதன் வீரியமும் கூடும். எண்ணெய் நாற்றமடித்தால் ஃபில்டர் மாற்றவில்லை என்று அர்த்தம். சிலிண்டரின் தோள்பட்டையில் அழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும்; பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அந்த எழுத்தே மூழ்கிப்போயிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாடகை உபகரணத்தில் எவரும் செய்யக்கூடிய சோதனைகள் இவை. சிலிண்டர் வால்வைத் திறக்குமுன் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது, கடலில் அந்த வழியாகத் தண்ணீர் வரும். வால்வைத் திறந்தபின் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு முறை இழுத்து மூச்சு விடுங்கள். 200 பார் அழுத்தத்தில் நிற்கிற முள் அசையக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் 150-க்கு இறங்கி மறுபடி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே நின்று பார்க்கும்போது மூச்சு சுலபமாகத்தான் வரும். ஆழத்தில் காற்று அடர்த்தியாகும்போதுதான் திணறும். பிசிடியை (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) முட்ட ஊதி ஐந்து நிமிடம் வையுங்கள், தொய்ந்தால் ஓட்டை. ஊதும் பொத்தானை அழுத்தி விட்டதும் உடனே நிற்கிறதா பாருங்கள். உப்புப் படிந்த பொத்தான் சிக்கிக்கொண்டால் பிசிடி தானாக ஊதிக்கொண்டே போய் ஆளை மேலே தூக்கிவிடும். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் இருப்பதுதான் நல்லது. பதற்றத்தில் மூச்சையும் அடக்கினால் நுரையீரல் கிழிய ஒன்றிரண்டு மீட்டரே போதும்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கச் சொல்லுங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சி, கையை எடுத்தால் கீழே விழாத மாஸ்க்தான் அந்த முகத்துக்கானது; விலை அதைத் தீர்மானிக்காது. மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் உட்பக்கம் மெல்லிய சிலிக்கோன் படலம் இருக்கும், பற்பசை போட்டு இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் கடலில் பனி மூட்டம்தான். கண்ணாடி அணிபவர்களுக்குப் பவர் லென்ஸ் உள்ள மாஸ்க் உண்டு. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அப்புறம் வாங்கலாம். பத்து டைவ் தாண்டாதவர் ரெகுலேட்டரும் பிசிடியும் வாங்கினால் அது பீரோவில் தூங்கும். அந்தப் பணத்துக்கு முதலில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் ஒரு டைவ் கம்ப்யூட்டர் மேல்.

மருத்துவப் படிவத்தை நீங்களே மொத்தமாக "இல்லை, இல்லை" என்று டிக் அடித்து அனுப்புவது நின்றாக வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை இதில் எதற்காவது "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்தில்லாமல் கடலில் இறக்கக் கூடாது. கர்ப்பிணி என்றால் டைவே கூடாது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு சைனஸ். மூக்கடைப்போடு இறங்கினால் காது அழுத்தம் சமனாகாது, சவ்வு கிழியலாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் மோசம். ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை முன்பதிவின்போதே ஆபரேட்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் போய்விடுமே என்றுதான் சளியை மறைக்கிறார்கள்.

அடுத்த போஸ்டரில் கடைசி டைவ் முடியும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். இடைவெளியைச் சேருகிறவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர்கள் சிலர்
பெங்களூரு